பறவைகளைக் காத்த ஊர்

வேடந்தாங்கல் என்னும் பெயரில் ‘தாங்கல்’ என்பது நீர்நிலையைக் குறிக்கும். வேடரின் பெயர்கொண்ட அந்த ஏரி, இன்று பல்லாயிரம் பறவைகளின் புகலிடமாகத் திகழ்கிறது. வேட்டையை நினைவூட்டும் ஓர் ஊர் அடைக்கலத்தின் அடையாளமாக மாறியது எவ்வாறு? செங்கல்பட்டு மாவட்டத்தில், தக்க வழிகாட்டியுடன் மேற்கொள்ளும் ஒருநாள் பயணம் இவ்வினாவிற்கு விடைதரும்.

கழிமுகத்தில் காலை

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி முட்டுக்காடு கழிமுகம் அமைந்துள்ளது. நீர் வடிந்து சேற்றுநிலம் வெளிப்படும் பொழுதே கரைப்பறவைகளின் உணவு வேளையாகும். பறவையின் பெயரை அறிவதற்கு முன்னர் அதன் அலகை உற்றுநோக்குதல் வேண்டும். குட்டை அலகுடைய உப்புக்கொத்தி, சேற்றின் மேற்பரப்பில் உள்ள சிற்றுயிர்களைக் கொத்துகிறது. நீண்ட அலகுடைய உள்ளான், சேற்றினுள் மறைந்திருக்கும் புழுக்களைத் தேடுகிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டி உண்கிறது. உணவு பெறும் முறை வேறுபடுவதால், ஒரே நிலத்தில் பல இனங்கள் போட்டி குறைந்து வாழ முடிகிறது.

ஏரியில் மாலை

கடற்கரையிலிருந்து மேற்கே உள்நாட்டுப் பகுதிக்குச் சென்றால், மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் ஏரியை அடையலாம். இதன் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். இரைதேடச் சென்ற பறவைகள் கூடு திரும்பும் மாலைப்பொழுதே இங்குக் காண்பதற்கு ஏற்றது. நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் முதலியன கூடமைத்துள்ளன.

இவையனைத்தும் வெளிநாட்டுப் பறவைகள் என்னும் கருத்துப் பலரிடம் உள்ளது. அது சரியன்று. இங்குக் கூடுகட்டுபவை நம் துணைக்கண்டத்துக்கு உரியவையே. வடபுலத்திலிருந்து குளிர்காலத்தில் வலசைவரும் ஊசிவால் வாத்து போன்றவை இங்கு முட்டையிடுவதில்லை. இரையுண்டு, வேனில் தொடங்குகையில் தம் நிலத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும் கூடமைக்கும் பணி தொடங்குகிறது. மரங்களைச் சூழ்ந்த நீர், பகைவிலங்குகள் அணுகாதவாறு அகழிபோல் காக்கிறது. மழை பொய்க்கும் ஆண்டுகளில் பறவைகளின் வரவும் குறைந்துவிடுகிறது.

உழவரும் பறவைகளும்

பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் சேர்க்கிறது. அந்நீர் பாயும் வயல் செழிக்கும் என்பதை உழவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆங்கிலப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். அதனை ஏற்று, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சியர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் வழங்கினார். அவ்வுரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு நெடுங்காலம் முன்பே ஓர் ஊர் விழித்திருந்தது என்பது இதனால் விளங்கும். அருகிலுள்ள கரிக்கிலியும் வேடந்தாங்கலும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

காண்போர் கடமை

கூட்டை நெருங்கினாலோ கூச்சலிட்டாலோ தாய்ப்பறவை பறந்துவிடும். காவலற்ற முட்டைகள் வெயிலில் கெடும். குஞ்சுகள் காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகும். எனவே தொலைநோக்கியும் அமைதியுமே பறவை நோக்குவோரின் கருவிகள்.

ஏரியை மட்டும் காத்தல் போதுமானதன்று. கூட்டிலுள்ள குஞ்சுக்கு நத்தைகுத்தி நாரை கொண்டுவரும் நத்தை, சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும் கிடைப்பது. இதனாலேயே 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதியும் சரணாலயமாக்கப்பட்டது. அவ்வயல்கள் நஞ்சானாலும் குளங்கள் தூர்ந்தாலும், மரங்கள் நிற்கும், கூடுகள் இரா. அன்று ஊரார் துப்பாக்கியைத் தடுத்தனர். சுற்றியுள்ள நீர்நிலைகள் அழியாமல் காப்பது இன்றைய தலைமுறையின் கடமையாகும்.