பரிமாறுபவரின் பசி

எமது ஊர்க் கலியாண வீடுகளிலே ஒரு காட்சியைக் காணலாம். விருந்தினர் பந்தி பந்தியாக அமர்ந்துண்டு எழுந்து செல்வர். பரிமாறும் இளைஞரோ காலை தொடக்கம் வாளியும் அகப்பையுமாக ஓடித்திரிவர். "இன்னுங் கொஞ்சஞ் சோறு வைக்கட்டா?" என்று எல்லோரையுங் கேட்கும் அவர்களை, "தம்பி, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் மிகச் சிலரே. கடைசிப் பந்தியில் அவர்கள் அமரும்போது கறிச்சட்டி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

யுத்தம், வெள்ளம், பூமியதிர்ச்சி முதலிய பேரிடர்களிலே பிறர் துயர் துடைக்கச் செல்லும் நிவாரணப் பணியாளரின் நிலையும் இத்தகையதே. அவர்களது பசி வயிற்றுப் பசியன்று, மனத்தின் பசி. அதனைக் குறித்து இன்று சிறிது சிந்திக்க விரும்புகின்றோம்.

சங்கங் கண்டவரின் தனிமை

இப்பணியின் வரலாற்றிலே முதலில் நினைக்கப்பட வேண்டியவர் ஹென்றி டூனான். 1828 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிற் பிறந்த இவர் ஒரு வியாபாரி. தமது தொழில் விஷயமாகப் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனைக் காணும் பொருட்டு இத்தாலிக்குச் சென்றவர், 1859 ஆம் ஆண்டு யூன் மாதம் 24 ஆந் திகதி நிகழ்ந்த சொல்பெரீனோப் போரின் கொடுமையை நேரிற் கண்டார். கஸ்திலியோனே என்னும் சிற்றூரின் தேவாலயத்திலே காயமுற்ற போர்வீரர் நூற்றுக்கணக்கிற் கிடந்தனர். மருத்துவரோ மிகச் சிலர். டூனான் வந்த அலுவலை மறந்தார். அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து தண்ணீர் கொடுத்தார், புண் கழுவினார், தமது வண்டிக்காரனைப் பக்கத்து நகருக்கனுப்பி எலுமிச்சம்பழமுஞ் சீனியும் வாங்குவித்தார். நண்பன், பகைவன் என்ற பேதம் அங்கே பாராட்டப்படவில்லை.

தாம் கண்டவற்றை 1862 இல் ஒரு நூலாக எழுதித் தமது செலவிலேயே அச்சிட்டார். அதன் பயனாக 1863 இல் ஐவர் கொண்ட குழுவொன்று ஜெனீவாவிற் கூடியது. அதுவே செஞ்சிலுவை இயக்கத்தின் வித்து. மறுவருடமே முதலாவது ஜெனீவா உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

ஆனால், 1867 இல் டூனானின் வியாபாரம் முறிந்தது. அவ்விஷயத்தில் அவர் மீதுந் தவறு இருந்தது உண்மையே. ஊரார் தூற்றினர். அவர் தோற்றுவித்த குழுவிலும் அவருக்கு இடமில்லாது போயிற்று. ஜெனீவாவை விட்டு நீங்கியவர் பின்னர் ஒருபோதும் அங்கே மீளவில்லை. பரிஸ் நகரிலே வறுமையில் வாடினார். ஈற்றில் 1887 இல் சுவிற்சர்லாந்தின் ஹைடன் என்னும் கிராமத்தை அடைந்தார். 1892 தொடக்கம் அவ்வூர் ஆஸ்பத்திரியின் ஓர் அறையே அவரது உலகமாயிற்று. கடன்காரரும் பகைவருந் தம்மைத் தொடர்கின்றனர் என்ற அச்சமும், ஆழ்ந்த மனச்சோர்வும் அவரை விட்டகலவில்லை. 1901 இல் சமாதானத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பசி என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட பின்னரும், 1910 இல் இறக்கும் வரையில் அவ்வறையிலேயே அவர் வாழ்ந்தார். தாம் விட்டுச் சென்ற பணத்திலிருந்து அவ்வூர் ஏழைகளுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலை ஏற்படுத்தினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கஸ்திலியோனேயின் இரத்தத்தையும் ஓலத்தையுங் கண்டு டூனான் ஓடிவிடவில்லை. அவரை முறித்தவை கடனும், இகழ்ச்சியும், தம்மவரே தம்மைக் கைவிட்டனர் என்ற எண்ணமுமாம்.

ஆராய்ச்சி கூறுவது

இக்கால ஆராய்ச்சிகளும் இதனோடு ஒட்டியே பேசுகின்றன. சர்வதேச நிவாரணப் பணியாளர் 212 பேரைப் பணிக்குச் செல்லுமுன்னும், பணி முடிந்த பின்னும், வீடு திரும்பிச் சில மாதங்கள் கழிந்த பின்னும் ஆராய்ந்து, 2012 இல் முடிவுகளை வெளியிட்டனர். மனச்சோர்வுக் குறிகள் முதலில் நூற்றுக்குப் 10 பேரளவிற் காணப்பட்டன. பணி முடிந்தபோது அத்தொகை ஏறக்குறைய 20 ஆயிற்று. வீடு திரும்பிய பின்னராவது குறைந்ததா? இல்லை! பதகளிப்பு ஓரளவு தணிந்தது, சோர்வு தணியவில்லை. ஆனால், உற்றார், நண்பர், சகபணியாளர் ஆகியோரின் ஆதரவைப் பெற்றிருந்தோரிடம் சோர்வு குறைந்தும், வாழ்க்கைத் திருப்தி மிகுந்துங் காணப்பட்டன.

தம் சொந்த மண்ணிலே பணிபுரிவோர் நிலை இன்னுங் கடினமானது. யுத்தத்தின் பின்னர் எமது வன்னிப் பிரதேச நிவாரணப் பணியாளரிடையே நடாத்திய ஆய்வொன்றிலே, பாதிக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. வெளிநாட்டவருக்குத் திரும்பிச் செல்ல வேறு நாடுண்டு. இவர்களோ காலையிற் பிறர் துயரைப் பதிந்துவிட்டு, மாலையில் தம் வீட்டுத் துயரிடந் திரும்புபவர்கள்.

எமது பிழை

இவ்விடத்திலே எமது பிழையொன்றையுஞ் சொல்லிவிடுதல் முறை. எம்மிடங் கற்ற மாணவர் ஒருவர் 2009 ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களிற் பணிபுரிந்தார். ஒருநாள் எம் வீட்டுக்கு வந்தவர் முகம் வாடியிருந்தது. நாம் ஆசிரியரல்லவா? உடனே உபதேசந் தொடங்கிவிட்டோம். பயன் கருதாது கடமையைச் செய்தால் மனம் தானே அமைதியுறும் என்று நெடுநேரம் எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்துத் தேநீரை அருந்திவிட்டு விடைபெற்றார்.

சில வருடங்களின் பின்னரே விஷயம் தெரிந்தது. முகாமில் மூதாட்டி ஒருவர் நாள்தோறும் அவருடைய மேசைக்கு வந்து, தம் மகனின் பெயர் இருக்கிறதா என்று கேட்பாராம். இவரும் நாள்தோறும் பட்டியலைப் புரட்டிவிட்டு, "இல்லை, அம்மா" என்பாராம். அந்தச் சொல் இரவிலும் தம் காதில் ஒலித்ததென்றார். "சேர், அன்றைக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் கதைத்து முடியவில்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறியபோது எமக்குத் தலை குனிந்தது.

பயனை எண்ணாதே என்பது வேறு. உன்னையே எண்ணாதே என்பது வேறு. இவ்வேறுபாட்டை நாம் அன்று உணரவில்லை.

அம்மாணவர் பின்னர் வேறொரு குழுவிற் சேர்ந்தார். அங்கே மாலைதோறும் யாவருங் கூடியிருந்து அன்றைய நாளைப் பற்றிப் பேசுவர். விடுமுறையை எவருந் தவறாது எடுத்தாக வேண்டும். "வேலை அதே வேலைதான், சேர். ஆனால் தனியாகச் சுமக்கவில்லை" என்கிறார். இன்று அவர் முகத்திலே நிறைவைக் காண்கின்றோம்.

யாவர் கடமை?

பணியாளரின் மனநலத்தைப் பேணுதல் ஸ்தாபனங்களின் பொறுப்பு என்று 2007 இல் வெளியான சர்வதேச வழிகாட்டி நூல் வற்புறுத்துகின்றது. தக்க ஆயத்தம், போதிய ஓய்வு, துன்பம் நேர்ந்தவிடத்து உடன் உதவி ஆகியன சலுகைகளல்ல. மருந்தும் வாகனமும் போலப் பணிக்கு இன்றியமையாதவை. பணியாளருந் தம் ஆற்றலுக்கு எல்லையுண்டென்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். காப்பாற்ற முடியாதவரை எண்ணி வருந்துவது இயல்பே. எனினும், இன்று ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்பதும் மெய்யான கணக்கே.

எஞ்சிய பங்கு எம் வீடுகளுக்குரியது. வாசகர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்பணியிலிருந்து மீண்ட மகனோ மகளோ இருக்கலாம். அவர்களைத் தியாகிகள் என்று புகழ்ந்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கேள்விகளால் துளைக்கவும் வேண்டாம். அருகே அமருங்கள். அவர்கள் பேசினாற் கேளுங்கள், பேசாவிடினும் உடனிருங்கள்.

பந்தி முடியுமட்டும் காத்திராது, "தம்பி, நீ சாப்பிட்டாயா?" என்று இடையிலேயே கேட்டுவிடுதல் நன்று.