மூளையைப் படமெடுக்கும் கதிரியக்கத் தடங்காட்டிகள்

இதயத்தின் துடிப்பைக் கையால் தொட்டறியலாம். நுரையீரலின் ஓசையைக் காதால் கேட்டறியலாம். மூளையோ தன் வினையை அவ்வாறு புறத்தே காட்டுவதில்லை. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. படமும் அதன் வடிவத்தையும், அதில் தோன்றும் கட்டி, குருதிக் கசிவு முதலியவற்றையும் காட்டும். ஆனால், கை நடுக்கத்தோடு வரும் முதியவரின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புகள் நலிந்துவிட்டனவா என்று கேட்டால், வழக்கமான இப்படங்கள் தெளிவான விடை தருவதில்லை. மனச்சிதைவு நோய்க்காக ஓர் இளைஞன் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை மூளையில் சேரவேண்டிய இடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று கேட்டாலும் அவை வாய் திறவா. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறும் ஒற்றர்களே கதிரியக்கத் தடங்காட்டிகள் எனலாம்.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணுவின் முனையிலிருந்து டோபமைன் போன்ற செய்திப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, எதிரே உள்ள அணுவின் மேற்பரப்பிலிருக்கும் புரதத்தில் பொருந்துகிறது. இப்புரதமே ஏற்பி. (கலைச்சொல்லாக்கத்தில் நாம் செய்த பிழைகள் பல, ஆயினும் 'ஏற்பி' நல்ல சொல். வந்ததை ஏற்பது என்னும் அதன் வினை, பெயரிலேயே விளங்குகிறது.) செய்தி சொல்லி முடிந்ததும் டோபமைன் அங்கேயே தங்கிவிடலாகாது. அதனை அனுப்பிய அணுவுக்குள்ளேயே மீண்டும் இழுத்துக்கொள்ளும் வேறொரு புரதம் உண்டு. அதனைக் கடத்திப் புரதம் என்பர். ஏற்பி செய்தி பெறும் அணுவிலும், கடத்தி செய்தி அனுப்பும் அணுவிலும் உள்ளன என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னர் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும்.

தடங்காட்டி என்னும் கருத்து, தோல்வியில் பிறந்தது. ஹங்கேரியில் பிறந்த ஹெவிசி, மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, ஈயத்தோடு கலந்திருந்த 'ரேடியம்-டி' என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்குமாறு பணிக்கப்பட்டார். எவ்வளவு முயன்றும் இயலவில்லை. அதுவும் ஈயத்தின் ஒரு வடிவமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிரிக்க முடியாததாயின், ஈயம் செல்லும் வழியெல்லாம் அதுவும் உடன் செல்லுமன்றோ? அதன் கதிரைப் பின்தொடர்ந்தால் ஈயத்தின் வழியை அறியலாமன்றோ? 1913-இல் வியன்னாவில் பானெத் என்பாருடன் சேர்ந்து அவர் இதனைச் செய்து காட்டினார். 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்கு வழங்கப்பெற்றது.

ஈயத்தைத் தொடர்வது வேறு. மூளையின் ஏற்பியைத் தேடிச் செல்வது வேறு. இங்கே ஒற்றன் பல தேர்வுகளில் ஒருசேரத் தேற வேண்டும். முதலாவது, குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள காப்பரண். மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் எப்பொருளையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளே பெரும்பாலும் நுழைகின்றன. அதற்காகக் கொழுப்பில் மிகுதியாகக் கரையும் பொருளைச் செய்தால், அது மூளையின் கொழுப்பிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, படம் முழுவதையும் மூடுபனிபோல் மறைத்துவிடும். குறைந்தாலும் குற்றம், மிகுந்தாலும் குற்றம். நுழைந்தவற்றுள்ளும் சிலவற்றைச் சுவரிலுள்ள வாயிற்காவல் புரதங்கள் பிடித்து வெளியே தள்ளிவிடுகின்றன. பல ஆண்டு உழைப்பில் விளைந்த மூலக்கூறுகள் பல இந்த வாயிலிலேயே மாண்டு போயின.

அடுத்தது பற்று. குறித்த ஏற்பியை மட்டும் பற்ற வேண்டும். அதன் உடன்பிறப்புகளைத் தொடலாகாது. பற்று உறுதியாகவும் இருக்க வேண்டும். ஆனால், விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, ஏற்பிகள் எத்தனை என்பதைக் காட்டாது. குருதி எவ்வளவு பாய்ந்தது என்பதையே காட்டும். படமெடுக்கும் கால அளவுக்குள் பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும். அளவும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஏற்பிகளுள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தடங்காட்டியால் நிறையலாகாது என்பது பொதுவான வழக்கு. உடலில் செலுத்தப்படுவது ஒரு சில மைக்ரோகிராமே. ஒற்றன் ஊரின் நடப்பை மாற்றிவிட்டால் அவன் கொண்டுவரும் செய்திக்கு மதிப்பேது?

இவை அனைத்திற்கும் மேலாக நேரம். கார்பன்-11 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுள் 20.4 நிமிடங்கள். சைக்ளோட்ரான் எந்திரத்தில் நைட்ரஜன் வாயுவைப் புரோட்டான்களால் தாக்கி அதனை உண்டாக்குகின்றனர். ஒரு மணி நேரம் கழிந்தால் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. அதற்குள் வேதிவினை முடிந்து, தூய்மை செய்து, சோதித்து, நோயாளியின் நரம்பில் ஏற்றியாக வேண்டும். எனவேதான் சைக்ளோட்ரான், வேதிக்கூடம், படக்கருவி மூன்றும் அருகருகே அமைகின்றன. ஃபுளூரின்-18 இவ்வகையில் சற்றுப் பொறுமையானது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்கள். இவ்விரண்டும் பாசிட்ரான் என்னும் துகளை உமிழ்கின்றன. அத்துகள் எலெக்ட்ரானோடு மோதி அழியும்போது இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன. தலையைச் சூழ்ந்த வளையக் கருவி அவ்விரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. இதுவே பெட் ஸ்கேன்.

1983 மே 25 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், உயிருள்ள மனித மூளையின் டோபமைன் ஏற்பிகள் முதன்முதலாகப் படமாயின. படமெடுக்கப்பட்டவர் அவ்வாய்வின் தலைவர் ஹென்றி வாக்னரே. அப்போது அவருக்கு வயது 56. பயன்பட்ட தடங்காட்டி, கார்பன்-11 ஏற்றிய மெத்தில் ஸ்பைப்பரோன். பிறரைப் படுக்க வைக்குமுன் தாமே சென்று படுத்தது பாராட்டுக்குரியது. ஆயினும் அத்தடங்காட்டிக்குக் குறைகள் இருந்தன. அது செரட்டோனின் ஏற்பிகளையும் பற்றியது. பற்றியதை எளிதில் விடவுமில்லை.

இக்குறைகள் அற்ற ராக்ளோபிரைடு சுவீடனில் தோன்றியது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் 1980-களின் நடுவில் அதனை மனிதரிடம் பயன்படுத்தினர். டோபமைன் டி-2 ஏற்பிகள் செறிந்திருப்பது, மூளையின் ஆழத்தே உள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில். பின்புறச் சிறுமூளையில் அவை மிகச் சொற்பம். ஆகவே சிறுமூளையின் ஒளியைப் பின்னணியாகக் கொண்டு கழித்தால், ஸ்ட்ரையேட்டத்தில் எஞ்சும் ஒளி ஏற்பிகளின் கணக்காகிறது. மருந்துண்ட நோயாளிக்கு இதே படத்தை எடுத்தால் ஒளி மங்கும். ஏனெனில் மருந்து முன்னரே பல ஏற்பிகளில் அமர்ந்துவிட்டது. எவ்வளவு மங்கியதோ, அவ்வளவு ஏற்பிகள் மருந்தால் நிறைந்தன என்று பொருள். எளிய கணக்கு, ஆனால் அதன் விளைவு பெரிது. வழக்கமான அளவில் மருந்துண்ட மனச்சிதைவு நோயாளிகளிடம் நூற்றுக்கு 65 முதல் 85 வரையான ஏற்பிகள் நிறைந்திருந்தன என 1988-இல் அவர்கள் வெளியிட்டனர்.

இக்கணக்கின் பயனை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த கனடாவின் டொரான்டோ ஆய்வில் காணலாம். முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 22 பேருக்கு ஹாலோபெரிடால் மருந்து நாளொன்றுக்கு 1 அல்லது 2.5 மில்லிகிராம் வழங்கப்பட்டது. எவருக்கு எவ்வளவு என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவருக்கும் தெரியாது. ஷிதிஜ் கபூர் தலைமையிலான அக்குழு கண்டது இது: ஏற்பிகள் நூற்றுக்கு 65-க்கு மேல் நிறைந்தபோது நோய் தணியும் வாய்ப்பு கூடியது, 78-ஐக் கடந்தபோது உடல் விறைப்பு, நடுக்கம் முதலிய பக்கவிளைவுகளும் கூடின. இடையே உள்ளது மெல்லிய வரப்பு. பல நாடுகளில் பல்லாண்டுகளாக இதே மருந்து நாளொன்றுக்கு 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்டு வந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உணர்ச்சியற்ற முகமும் விறைத்த கைகால்களுமாக நடந்த எத்தனையோ பேரைக் கண்டு, 'நோய் முற்றிவிட்டது' என்று உறவினர் கலங்கியிருப்பர். அவருள் பலரிடம் முற்றியது நோயன்று, மருந்தின் அளவே.

இனிக் கடத்திப் புரதத்திற்கு வருவோம். அது டோபமைனை அனுப்பும் நரம்பு முனையில் இருப்பது. பார்க்கின்சன் நோயில் அழிவன இம்முனைகளே. எனவே கடத்திகளை எண்ணினால் எஞ்சிய முனைகளை எண்ணியதாகும். இப்புரதத்தைப் பற்றும் பொருளைத் தேடிய வேதியியலாருக்கு வழிகாட்டியது கோகெயின்! போதைப்பொருளான அது மூளையில் பற்றும் முதன்மையான இடங்களுள் ஒன்று இக்கடத்தியே. கோகெயினின் சட்டகத்தை வைத்துக்கொண்டு உறுப்புகளை மாற்றி மாற்றிப் புதிய மூலக்கூறுகள் செய்தனர். அயோடின்-123 ஏற்றிய பீட்டா-சி.ஐ.டி. நன்றாகவே பற்றியது, ஆனால் நல்ல படம் பெற ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் ஒரு மூலையில் ஃபுளூரின் தாங்கிய சிறு கிளையொன்றைப் பொருத்தியதும் அக்காத்திருப்பு மூன்று முதல் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. அதுவே அயோஃப்ளூபேன். ஐரோப்பாவில் 2000-இலும் அமெரிக்காவில் 2011-இலும் அதற்கு ஒப்புதல் கிட்டியது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹாங்க் குங் குழுவினர் வேறு வழி சென்றனர். பெரும்பாலான அணுமருத்துவப் பிரிவுகளில் அன்றாடம் கிடைப்பது டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் ஆறு மணி நேரம். சைக்ளோட்ரான் அருகில் வேண்டுவதில்லை. ஆனால் அது உலோகம். அதனைத் தாங்க ஒரு கூண்டு வேண்டும். கூண்டோடு சென்றால் மூளையின் காப்பரண் விடுமா? 1990-களில் அவர்கள் உருவாக்கிய டிரோடாட்-1 அக்கூண்டோடு உள்ளே நுழைந்தது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இன்று அது பயன்படுகிறது.

படத்தைக் காணும் தமிழாசிரியனுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நலமான மூளையில் ஸ்ட்ரையேட்டத்தின் ஒளி, இருபுறமும் இரண்டு காற்புள்ளிகள் போல் வால் நீண்டு தெரியும். பார்க்கின்சன் நோயில் வால் மங்கி மறைந்து முற்றுப்புள்ளிகளாகச் சுருங்கும். பெரும்பாலும் ஒருபுறம் முந்தி, மறுபுறம் பிந்தி. கைகளை மட்டும் நடுக்கும் பரம்பரை நடுக்கமாயினும், மருந்தின் பக்கவிளைவால் மட்டுமே வந்த நடுக்கமாயினும் காற்புள்ளி அப்படியே நிற்கும். பின்னதில் அடைபட்டது ஏற்பி. அனுப்பும் முனைக்கு ஊறில்லை. முன்னர் மனத்திற்கொள்ளச் சொன்ன வேறுபாடு இங்கே நோயறியும் கருவியாகிறது. பார்க்கின்சன் என்று அஞ்சிப் பல ஆண்டுகள் வீணே மருந்துண்ண வேண்டியவர், மாத்திரை ஒன்றை மருத்துவர் மாற்றிய அளவிலேயே நலம் பெறக்கூடும்.

ஆயினும் இப்படம் எல்லாம் அறிந்ததன்று. பார்க்கின்சனைப் போலவே நரம்பு முனைகளை அழிக்கும் வேறு சில நோய்களிலும் புள்ளிகள் சுருங்கவே செய்யும். எந்நோய் என்பதை இப்படம் மட்டும் பிரித்துக் கூறாது. அதற்கு, நோயாளியின் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தும், நடக்கச் சொல்லிப் பார்த்தும் மருத்துவர் செய்யும் பழைய சோதனை இன்றும் வேண்டியிருக்கிறது.