வியாழக்கிழமைக் கடிதம்

"வாராவாரம் எழுதறீங்களே மாமா, அதுல என்னங்க வருது?" என்று கேட்டான் அக்கா மகன். கோவை கணபதியில் அவன் அப்பா நடத்துகிற மோட்டார் பம்ப் பட்டறையில் இப்போதுதான் பொறுப்புக்கு வந்திருக்கிறான். நான் எழுதுவது மார்க்கெட்டிங் பற்றியும் வியாபாரம் வளர்வது பற்றியும். சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு வியாழன்தோறும் மின்னஞ்சலில் போகிற நியூஸ்லெட்டர். பதில் கொஞ்சம் நீளம், இன்னொரு டீ சொல்லு என்றேன்.

பணத்தைக் கேட்கிறாய் என்றால் சட்டென்று சொல்லிவிடலாம். சந்தா கிடையாது, விளம்பரம் வாங்குவதில்லை. கடிதம் போன மறுநாள் போன் அடித்துக்கொண்டே இருப்பதுமில்லை. அப்படி அடிக்கும் என்று சொல்லி ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வகுப்புக் கட்டணம் வருகிறது.

அவனிடமே ஒரு கணக்குக் கேட்டேன். உங்கள் போர்வெல் மோட்டார் எத்தனை வருஷம் ஓடும்? "கரன்ட் ஒழுங்கா இருந்தா பத்து வருஷம் அசராதுங்க." அப்படியானால் நூறு விவசாயிகளில் ஒரு வருஷத்துக்குப் புது மோட்டார் வாங்குவது பத்துப் பேர். மூன்று மாதத்துக்கு என்று பார்த்தால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. இன்றைக்கு நீ நோட்டீஸ் அடித்து நூறு பேருக்கும் கொடுத்தால் 97 பேர் அதில் கடலை மடிப்பார்கள். நோட்டீஸில் குற்றமில்லை. அவர்கள் மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் எஹ்ரன்பெர்க்-பாஸ் என்று மார்க்கெட்டிங் ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருக்கும் ஜான் டாஸ் இதே கணக்கைக் கம்பெனிகளுக்குப் போட்டுக் காட்டியவர். ஒரு கம்பெனி தன் வங்கியையோ வக்கீலையோ ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது என்று வைத்துக்கொள். வருஷத்தில் 20 சதவீதம் பேர், காலாண்டில் 5 சதவீதம் பேர்தான் வாங்குகிற நிலையில் இருப்பார்கள். மீதி 95 பேர் இப்போதைக்கு வாங்கப்போவதில்லை. மேடைகளில் இந்த 95-ஐ ஏதோ அளந்து கண்டுபிடித்த எண் மாதிரி முழங்குகிறார்கள். இது வெறும் வகுத்தல் கணக்கு. சரக்குக்குச் சரக்கு மாறும். உன் பத்து வருஷ மோட்டாருக்கு நிலைமை இன்னும் மோசம்.

இன்றைக்கு வாங்காத அந்த மீதிப் பேரிடம் நீ என்ன பேசுவாய்? தள்ளுபடி சொல்லிப் பிரயோஜனமில்லை. அவன் மோட்டார் நின்றுபோகிற அன்று உன் பெயர் அவனுக்கு ஞாபகம் வரணும். அது எந்த நாள் என்று அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதனால்தான் விடாமல் எழுத வேண்டியிருக்கிறது. அவனுக்கு உபயோகப்படுகிற மாதிரி எழுத வேண்டியிருப்பதும் அதனால்தான்.

இதை வெகு காலம் முன்பே பிடித்தவர்கள் அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனிக்காரர்கள். இலினாய் மாநிலத்தில் மோலின் என்ற ஊரில் கலப்பை செய்து விற்றவர்கள். 1895இல் விவசாயிகளுக்காக 'தி ஃபர்ரோ' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். கம்பெனி விளம்பரமும் உண்டு. ஆனால் விவசாயி அதைப் பிரித்தது விவசாய யோசனைகளைப் படிக்கத்தான். இன்றும் அது வந்துகொண்டிருக்கிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வருஷம். அயோவாவில் வாட்டர்லூ என்ற ஊரில் இருந்த டிராக்டர் கம்பெனியை விலைக்கு வாங்கி அவர்கள் டிராக்டர் வியாபாரத்தில் காலூன்றியது 1918இல். பத்திரிகைக்கு அப்போது 23 வயது. டிராக்டர் கைக்கு வருவதற்கு இத்தனை வருஷம் முன்பிருந்தே அதை வாங்கப்போகிறவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருந்திருக்கிறது. 1895இல் யாரும் இப்படித் திட்டம் போட்டிருக்க வாய்ப்பில்லை. விடாமல் நடத்தினார்கள், அமைந்தது.

"அப்போ எல்லா வியாபாரத்துக்கும் இது வேணுங்களா?"

வேண்டாம். எங்கள் தெருமுனையில் ஒரு அம்மா தோசை மாவு விற்கிறார். நியூஸ்லெட்டர் எழுதுங்கள் என்றால் சிரிப்பார். வாடிக்கைக்காரர்களைத் தினமும் சாயங்காலம் நேரிலேயே பார்க்கிறவர். ஆனால் என் கடிதம் ஒன்று அவர் கடையிலிருந்துதான் வந்தது. ஒருநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம், "ரெண்டு நாளா காணோமே, ஊருக்குங்களா?" என்று கேட்டார். அவர், அன்றைக்கு மாவு கொஞ்சம் புளித்திருந்தது, அதான் வேறு கடையில் என்று இழுத்தார். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. "இது மத்தியானம் அரைச்சதுங்க, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜுல வெச்சிருங்க" என்று ஊற்றிக் கொடுத்துவிட்டு, நீட்டிய காசை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். விட்டுப்போகிற வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கப் பெரிய கம்பெனிகள் சாஃப்ட்வேர் வாங்கி வைத்திருக்கின்றன. மாதக் கடைசி அறிக்கையில்தான் பல பேருக்கு விஷயமே தெரியும். இவருக்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, காரணமும் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை வருகிறதே என்ற நெருக்கடி இல்லாவிட்டால் நான் மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். எழுதியாக வேண்டும் என்பதால் நின்று கவனிக்கிறேன். நீ கேட்டாயே என்ன வருகிறது என்று, அதில் பெரும்பங்கு இதுதான். ஆலோசனை கேட்டு எதிரில் வந்து உட்காருகிறவரிடம் பேச என் கையிருப்பே இப்படிச் சேர்ந்தது.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியுமா என்றான். முன்பு ஓரளவு தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடிப் படத்தை மின்னஞ்சலுக்குள் வைத்து அனுப்புவார்கள். கடிதத்தைத் திறந்ததும் அது போய் எடுத்து வரப்படும், ஒருவர் திறந்தார் என்று கணக்காகும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. அதற்குச் சம்மதித்தவர்களுக்கு, அவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஆப்பிளே அந்தப் படத்தை எடுத்து வைத்துவிடும். அன்றிலிருந்து 'ஓப்பன் ரேட்' பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்கு அளவுகோல், யாராவது உட்கார்ந்து எழுதுகிற பதில்.

விலகிப்போகிறவர்களைப் பற்றியும் வருத்தமில்லை. கூகுளும் யாஹூவும் 2024இல் கொண்டுவந்த விதிப்படி, மொத்தமாக அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலக வழி வைக்க வேண்டும். ஸ்பாம் என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொடக் கூடாது. தொட்டால், விரும்பிப் படிக்கிறவருக்கும் கடிதம் போய்ச் சேராது. போகிறவருக்குக் கதவைத் திறந்து விடுவதில் நமக்கும் லாபம் இருக்கிறது.

"சரிங்க மாமா, நம்ம பட்டறைக்கு மொத கடிதத்துல என்ன எழுதறது?"

உங்கள் பம்பைப் பற்றி எழுதாதே. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், விவசாயி மின்னஞ்சலைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். ஏப்ரல், மே மாதங்களில் ரீவைண்டிங்குக்கு மோட்டார் குவியுமே, ஏன்? கேட்டதும் கொட்டினான். போரில் நீர்மட்டம் இறங்கி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடுவது, வோல்டேஜ் இறங்கும்போது ஆம்ப்ஸ் ஏறிக் காயில் சூடாவது, மூன்று பேஸில் ஒன்று போனதைக் கவனிக்காமல் விடுவது. பேனலில் ட்ரை ரன் ரிலே இருக்குமாம், அதைச் சரியாக செட் பண்ணாமல் விட்டிருப்பார்களாம். இதை அப்படியே எழுது என்றேன்.

"இதெல்லாம் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் ரீவைண்டிங்குக்கு யாருங்க வருவாங்க?"

போன மே மாதம் வந்த மோட்டார்களில் உங்கள் பட்டறையில் செய்தது எத்தனை இருக்கும் என்று கேட்டேன். பாதிகூட இருக்காது, மீதியெல்லாம் மற்ற கம்பெனி மோட்டார் என்றான். அந்த மீதிக்காரர்கள் நம்பரெல்லாம் பில் புக்கில் இருக்கும். அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதல் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பு.