மஞ்சள் மூளைவரை போகுமா?

உழவர்கரையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள். "சார், இது நொதிக்க வைத்த மஞ்சள் மாத்திரையாம். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பியிருக்கார். வயித்துக்கும் மூளைக்கும் நல்லதுன்னு போட்டிருக்கு. எங்க ஆயாவுக்கு ஞாபகம் குறைஞ்சுக்கிட்டே வருது. குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆயினும் ஒரு பொருள் வாயிலிருந்து மூளைக்குச் செல்லும் வழியை ஆராய்ந்து பார்க்க யாருக்கும் தடையில்லை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தண்ணீரில் கலக்குங்கள். நீர் கலங்கும், சற்று நேரத்தில் தூள் அடியில் தங்கிவிடும். அதே அளவு தூளை வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் இட்டு வையுங்கள். தூள் அடியில் தங்கினாலும் மேலே உள்ள எண்ணெய் பொன்னிறமாகிவிடும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் கரைவதே இல்லை எனலாம், கொழுப்பில் கரையும். இதை வோகல், பெல்த்தியே என்ற இருவர் பிரான்சில் 1815-இல் பிரித்தெடுத்தனர். (அப்போது நம் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது, மறு ஆண்டுதான் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது.) மலேரியாவுக்கு மருந்தான குயினைனை 1820-இல் பிரித்த இருவரில் ஒருவரும் இதே பெல்த்தியேதான்.

இனி ஒரு சிறு கணக்கு. 100 கிராம் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 கிராம். நாள்தோறும் 1 கிராம் மஞ்சள் உண்பவருக்குக் கிடைப்பது 30 மில்லிகிராம். ஆய்வுகளில் கொடுப்பதோ பெரும்பாலும் பல நூறு முதல் சில ஆயிரம் மில்லிகிராம் வரை! ஆகவே சாம்பார் மஞ்சளையும் மாத்திரை மஞ்சளையும் ஒன்றாக எண்ணக்கூடாது.

உண்ட குர்குமின் என்ன ஆகிறது? ஏறத்தாழ நடுநிலையான, உடல் வெப்பநிலையில் உள்ள கரைசலில் அதை இட்டபோது அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிட்டதை 1997-இல் கண்டார்கள். நம் சிறுகுடலின் நிலையும் ஏறக்குறைய அதுவே. தப்பிப் பிழைக்கும் சிறிதளவையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறொரு அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடுகின்றன. இரத்தத்தில் எஞ்சுவது மிகச் சொற்பம். மூளைக்குள் நுழைவதற்கு அதற்கும் அப்பால் இன்னொரு தடை இருக்கிறது.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் புகழ்பெற்றது. 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பிப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்குமின் ஏறத்தாழ 20 மடங்காகியது. எப்படி? பிப்பெரின் கல்லீரலின் கையைச் சிறிது நேரம் கட்டிப்போடுகிறது. ஆனால் கட்டுண்ட கல்லீரல் குர்குமினை மட்டுமா விட்டுவைக்கும்? இரத்த அழுத்தத்துக்கான புரொப்பரனலால், வலிப்புக்கான பெனிட்டாயின் போன்ற மருந்துகளும் பிப்பெரினோடு சேர்ந்தால் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகின்றன. புட்டியின் மேலிருந்த சிற்றெழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். "மிளகுச் சாறு" என்று இருந்தது. ஆயா இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

சரி, நொதித்தல்? இட்லி மாவிலும் மோரிலும் நடப்பதுதான். நுண்ணுயிர்கள் ஒரு பொருளை மற்றொன்றாக மாற்றுகின்றன. சுவையான செய்தி என்னவென்றால், நம் குடலே ஒரு நொதிப்பானை! மனிதக் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா குர்குமினை நிறமற்ற டெட்ராஹைட்ரோ குர்குமினாக மாற்றுவதை ஜப்பானியர் 2011-இல் காட்டினர். தொழிற்சாலை நொதித்தலில் எந்த நுண்ணுயிர், எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விளைபொருள் மாறும். ஒரு புட்டியின் புகழ் மற்றொன்றுக்குச் சேராது. கொரியாவில் 60 பேருக்கு 12 வாரம் நாள்தோறும் 3 கிராம் நொதித்த மஞ்சள் தூளோ வெற்றுத் தூளோ கொடுத்து 2013-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் உண்டவர்களுக்குக் கல்லீரல் நொதி ஒன்றின் அளவு குறைந்தது. அது கல்லீரலைப் பற்றியது, மூளையைப் பற்றியதன்று.

குடலைப் பொறுத்தவரை ஓரளவு நம்பிக்கை உண்டு. குர்குமின் பெரும்பாலும் குடலிலேயே தங்கிவிடுவது அங்கே குறையன்று. ஜப்பானில் பெருங்குடல் அழற்சி உள்ள 89 பேரிடம் நடந்த ஆய்வில் (2006), வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமினும் உண்டவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது சுமார் 5 சதவீதம். உண்ணாதவர்களுக்கு 20 சதவீதம்.

மூளைக்கோ? அல்சைமர் நோயாளிகள் 36 பேர் பங்குகொண்ட அமெரிக்க ஆய்வில் (2012), தினமும் 4 கிராம் வரை 24 வாரம் கொடுத்தும் பயன் தெரியவில்லை. லாஸ் ஏஞ்சல்சில் 40 பேரிடம் 18 மாதம் நடந்த வேறோர் ஆய்வில் (2018) நினைவாற்றல் கூடியது உண்மை. ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். உண்டதும் எளிதில் உட்கவரும்படி தனியாகச் செய்த குர்குமின். 40 பேர் என்பதும் சிறிய தொகை.

தீங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004 முதல் 2022 வரை அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பதிவுசெய்தது. ஒருவர் இறந்தார்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது வேறு. முதியவரின் மறதிக்கு வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் காரணமாக இருக்கக்கூடும். இரண்டையும் இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். புட்டியை நம்பி ஆறு மாதம் போய்விட்டால்? புட்டியையும் ஆயாவின் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஜிப்மருக்குப் போகச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை இரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்களாம். புட்டி இன்னும் திறக்கப்படவில்லை.