தளர்ந்த தந்தியும் கனத்த நாதமும்

இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் நகரின் தகட்டுத் தொழிற்சாலையொன்றில், வேலையினின்று விலகவிருந்த கடைசி நாளன்று, டோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்திற்குப் பறிகொடுத்தார். இடக்கை வாசிப்பாளராதலின் கிதார்த் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவையே! பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உறைகள் செய்துகொண்டார். 1968-ல் அவரும் தோழர் மூவரும் அமைத்த குழுவே பின்னர் 'பிளாக் சாபத்' எனப் பெயர் பெற்றது.

1971-ல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டின் பல பாட்டுகளில் அவர் தந்திகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தினார். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே வினாடிக்கு 82 அதிர்வுகளிலிருந்து 69-க்கு இறங்கும் தந்தியில் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். விரல்களுக்கு அது பெரும் ஆறுதல்.

கரகரப்போ வேறு வகையில் பிறந்தது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் அமைந்த சிறு பெட்டியொன்று மேல் அதிர்வுகளை மிகுவித்து வால்வுப் பெருக்கிக்குள் செலுத்தும். பெருக்கி திணறவே அலைமுகடுகள் வெட்டுண்டு புதிய மேற்சுரங்கள் கிளம்பும். பொறியியலார் குறையென ஒதுக்கியதை இக்குழு விரும்பி ஏற்றது.

2025 ஜூலை 5-ல் பர்மிங்ஹாமிலேயே நால்வரும் இறுதியாக ஒன்றுகூடி இசைத்தனர். 17 நாட்களில் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் காலமானார்.