பனித்தரை ஆட்டமும் எளியோர் இல்லமும்

கனடா நாட்டுச் சாஸ்கட்டூன் நகரில், 1930களின் வறுமைக் காலத்தில், ஒன்பது மக்களைப் பெற்ற தாய் ஒருவர் அண்டை வீட்டுப் பெண்மணியின் துயர் கண்டு சிறுதொகை ஈந்தார். அப்பெண்மணி பதிலுக்கு ஒரு சாக்கு நிறையப் பழம்பொருள்களைத் தந்தார். அதனுள் சறுக்குக் காலணி ஓர் இணை கிடந்தது. மகனும் மகளும் ஆளுக்கொன்றாய் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலால் பனியிற் சறுக்கினர். அம்மகனே பின்னாளில் ஐஸ் ஹாக்கி உலகின் பெருவீரராய்ப் புகழ்பெற்ற கார்டி ஹவ்.

உறைந்த பனித்தரையில் வளைகோலால் ரப்பர் வட்டினைத் தள்ளியாடும் இவ்வாட்டத்திற்கு அன்று உறைந்த குளமே களம். இன்றோ, கனடாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தரக் குடும்பங்களே தயங்கும் அளவிற்கு இது செலவுமிக்கதாகிவிட்டது. காரணம் யாது?

கோலும் கவசமும் மட்டுமே காரணம் என்று கருதுதல் பிழை. பெருஞ்செலவு காலடியிலேயே உள்ளது. மூடிய அரங்கின் தளத்தினுள் குழாய்களைப் பதித்து, கடுங்குளிரூட்டிய உப்புநீரை இடையறாது ஓடவிட்டே, ஏறத்தாழ ஓர் அங்குலப் பனியை உறையச் செய்கின்றனர். இயந்திரம், மின்சாரம், பணியாளர் ஆகிய அனைத்தின் செலவும் மணிக்கணக்கு வாடகையாகப் பெற்றோர் தலையிலேயே விழுகிறது. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட களத்தை இரண்டே சிற்றணிகள் பங்கிட்டால் ஒவ்வொரு பிள்ளையின் பங்கும் எவ்வளவு உயரும்!

இதற்கொரு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்க ஹாக்கிக் கழகம் 2009இல் அறிமுகம் செய்த பயிற்சிமுறை, எட்டு வயதுக்குட்பட்டோர் களத்தைக் குறுக்கே பகுத்து ஆடவேண்டும் என்றது. திறன் வளர்ச்சியே அதன் நோக்கம். எனினும் ஒரே மணி நேரத்தில் பல அணிகள் ஆடுவதால் வாடகையும் பகிரப்படுகிறது. "இது மெய்யான ஆட்டமா?" என்று முதலில் முகஞ்சுளித்தோரும் பெற்றோரே என்பது வியப்பிற்குரியது!

ஓராண்டு வளர்ந்தாலே காலணி சிறுத்துவிடும். ஆகவே பழங்கருவிகளைக் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. இலக்குக் காப்பாளரின் விலையுயர்ந்த கவசங்களைக் குழுவே பொதுவில் வாங்கிவைப்பதும் உண்டு. தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் ஆகாது. விரிசல் கண்டதை எறிந்துவிடுதலே அறிவுடைமை.

அரசும் வாளாவிருக்கவில்லை. கனடா 2007இல் சிறுவர் உடற்பயிற்சிக் கட்டணத்திற்கு, தொடக்கத்தில் 500 டாலர் வரையில், வரிச்சலுகை அளித்தது. ஆனால் முதலில் கட்டணம் செலுத்தவும், பின்னர்ச் சலுகை பெறுமளவு வரி கட்டவும் வல்லவர்க்கே அது பெரிதும் பயன்பட்டது. கையில் காசில்லாத தாய்க்கு அடுத்த ஆண்டின் வரிக்கழிவால் என்ன பயன்? 2017 முதல் அச்சலுகை நீக்கப்பட்டது.

இவற்றினும் என் உள்ளங்கவர்ந்தது பிலடெல்பியா நகரின் முயற்சி. அந்நகர் ஹாக்கி அணியின் உரிமையாளர் எட் ஸ்னைடர் 2005இல் நிறுவிய அறக்கட்டளை, எளிய குடும்பச் சிறுவர்க்குக் களம், கருவி, பயிற்சி ஆகியவற்றை இலவசமாக வழங்கிப் பள்ளிப் பாடத்திலும் துணைநிற்கிறது. அனைவர்க்கும் ஒரே ஏற்பாடு என்பதால், உதவி பெறுபவன் இவன் என்று எச்சிறுவனையும் யாரும் சுட்டுவதற்கில்லை. 2008இல் மூண்ட நிதி நெருக்கடியில் நகராட்சி தன் பனித்தளங்களை மூட முற்பட்டபோது, அவற்றை நடத்தும் பொறுப்பையும் அவ்வறக்கட்டளை ஏற்றது. கட்டணமே இல்லையெனினும், வைகறைப் பயிற்சிக்குப் பிள்ளையைத் தொலைதூரம் அழைத்துச்செல்லக் காரில்லாத வீடுகள் அந்நகரில் மிகப்பல. அத்தளங்களோ அவர்கள் குடியிருக்கும் பகுதிகளிலேயே அமைந்திருந்தன.