காட்டையே பார்க்காம காட்டை வரைந்த ஓவியர்: ஹென்றி ரூசோவின் கற்பனை எங்கிருந்து வந்தது?

புதருக்குள் பதுங்கி நிற்கும் புலி. பின்னால் மின்னல், சாய்ந்து அடிக்கும் மழை. இந்த ஓவியத்தைப் பார்த்தா, வரைந்தவர் ஏதோ அடர்ந்த காட்டுக்குள் போய் வந்திருப்பார்னுதான் தோணும். ஆனா 1891-ல் இதை வரைந்த ஹென்றி ரூசோ, பிரான்ஸ் நாட்டை விட்டு வெளியே போனதே இல்லை. அப்புறம் எப்படி?

யார் இந்த ரூசோ?

1844-ல் பிரான்ஸின் லவால் நகரில் பிறந்தவர். அப்பா தகர வேலை செய்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கும் சாவடியில் ரூசோவுக்கு வேலை. ஓவியப் பள்ளிக்குப் போகாமல், தானாகவே கற்றுக்கொண்டார். தீவிரமாக வரையத் தொடங்கியபோது வயது 40-ஐ நெருங்கிவிட்டது. 1893-ல் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியரானார்.

காடு எங்கிருந்து வந்தது?

ராணுவத்தில் இருந்தபோது மெக்சிகோ காடுகளைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அது உண்மை இல்லை. அவருடைய காடு பாரிஸுக்குள்ளேயே இருந்தது.

* தாவரவியல் பூங்கா: கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கப்பட்ட வெளிநாட்டுச் செடிகளை மணிக்கணக்கில் பார்ப்பார்.
* அருங்காட்சியகம்: 1905-ல் காட்சிக்கு வைத்த 'பசித்த சிங்கம்' ஓவியத்தில் சிங்கம் மானைக் கவ்வி நிற்கும். அங்கே பாடம் செய்து வைத்திருந்த விலங்குகளும் அதே நிலையில்தான் இருந்தன.
* விலங்குப் படங்கள் அச்சான ஆல்பம்: பல மிருகங்களின் தோற்றம் அதிலிருந்து வந்ததுதான்.

அப்போ இது வெறும் காப்பியா?

இல்லை. பார்த்ததை அவர் அப்படியே வைக்கவில்லை, அளவை மாற்றினார். தொட்டிச் செடியின் இலை அவர் படத்தில் மரம் மாதிரி உயர்ந்து நிற்கும். பூ ஆள் தலையை விடப் பெரிதாக இருக்கும். சேர்ந்தே இருக்க முடியாததைச் சேர்த்தும் வைத்தார். 1910-ல் வரைந்த 'கனவு' ஓவியத்தில் நடுக்காட்டில் ஒரு சோபா, அதில் ஒரு பெண், சுற்றிலும் சிங்கங்கள், யானை, குழல் ஊதும் ஒருவர்!

ஊர் என்ன சொன்னது?

சிரித்தது. தேர்வுக்குழு இல்லாத, யார் வேண்டுமானாலும் பங்கேற்கக்கூடிய கண்காட்சியில்தான் 1886 முதல் கிட்டத்தட்ட ஆண்டுதோறும் படங்களை வைத்தார். 'குழந்தை வரைந்த மாதிரி இருக்கு' என்ற கேலிதான் அதிகம். புலி ஓவியத்துக்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேல் அவர் காட்டுப் பக்கமே திரும்பவில்லை. 1897-ல் வரைந்த 'உறங்கும் ஜிப்சி' ஓவியத்தை வாங்கிக்கொள்ளும்படி சொந்த ஊர் மேயருக்கே கேட்டுப் பார்த்தார். ஊர் வாங்கவில்லை.

திருப்பம் இளைஞர்களிடமிருந்து வந்தது. பழைய பொருள் கடையில் ரூசோவின் ஒரு ஓவியத்தைக் கண்டு வாங்கியவர் பிகாசோ. 1908-ல் அவருக்காக விருந்தும் வைத்தார். ஆனாலும் வறுமை தீரவில்லை. 1910 செப்டம்பரில், 66 வயதில் ரூசோ இறந்தார்.

இன்று?

சொந்த ஊர் வேண்டாம் என்ற 'உறங்கும் ஜிப்சி'யும், 'கனவு' ஓவியமும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. புலி, லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

கற்பனைக்குத் தூரதேசம் போகணும்னு இல்லை. பக்கத்து பூங்காவில் இருக்கிற ஒரு இலையை ரூசோ எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதில்தான் அவருடைய காடு முழுக்க இருக்கு.